கொடிக்கு அடியில் ஒரு முழ நிலம்: ஷாம்பெய்ன் கூட்டுக்குழுவின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் திராட்சை விளைவிக்கும் விவசாயிகள் தரப்பில் ஒருவர், அதை நுரைக்கும் வைனாக்கி விற்கும் வைன் இல்லங்கள் தரப்பில் ஒருவர் என எப்பெர்னே நகரிலிருந்து ஷாம்பெய்ன் கூட்டுக்குழுவை நடத்தும் இரு தலைவர்களுக்கும், உங்களை அந்த இருக்கைகளில் அமர்த்திய சங்கத்தினருக்கும்:

2018ஆம் ஆண்டின் இறுதியில், 2025க்குள் ஷாம்பெய்ன் திராட்சைத் தோட்டங்களில் களைநாசினியே இராது என்று உலகறியச் சொன்னீர்கள். யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கவில்லை, நீங்களாகவே சொன்னது. அதைத் தோட்ட விதிகளில் எழுதிக் கட்டாயமாக்கும் வேளை வந்தபோது பின்வாங்கிக்கொண்டீர்கள். தடை என்று தொடங்கியது ஊக்குவிப்பு என்று முடிந்தது. 2025ஆம் ஆண்டும் வந்து போய்விட்டது. அன்று அந்த நாற்காலிகளில் யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். வாக்குக் கொடுத்தது நாற்காலி. பதில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

எனக்குத் திராட்சை நிலமும் இல்லை, வைன் இல்லமும் இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்து, போர்க்காலத்தில் பிரான்சுக்கு வந்து, இன்று ஷாம்பெய்னின் கோத் தே பிளான் சரிவில் ஒரு சிறிய குடும்ப இல்லத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் கொடி கட்டல், கோடையில் உழவு, அறுவடை வந்தால் பழம் பிழியும் ஆலை. அந்த இல்லம் தன் நிலம் முழுவதையும் இயற்கை வேளாண்மைக்கு மாற்றிவிட்டது. நியாயப்படி இந்த மடலை அவர்கள்தான் எழுத வேண்டும். எழுத மாட்டார்கள். அவர்கள் உங்கள் உறுப்பினர்கள். தங்கள் பழம் போதாமல் பக்கத்து நிலத்துக்காரரிடமும் பழம் வாங்குகிறவர்கள். அவரோடு ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். எனக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. பிரெஞ்சுப் பிரதி தபாலில் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் வெளியிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒருநாள் எங்கள் சரிவுக்கு வாருங்கள், காரிலிருந்து இறங்கி நடந்து வாருங்கள். இங்கே நிலம் எல்லாம் துண்டு துண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு துண்டு சராசரியாக 12 ஆர், அதாவது ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் வேலியும் கிடையாது, வரப்பும் கிடையாது. எங்கள் வரிசைகளுக்கிடையே பயறும் குளோவரும் முழங்காலளவு நிற்கும். அடுத்தவரின் முதல் வரிசையில் கொடிகளுக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்குச் செம்பழுப்புப் பட்டை ஒன்று மேட்டிலிருந்து பள்ளம்வரை ஓடும். கருகிய புல். மண்வெட்டியை இறக்கிப் பாருங்கள். எங்கள் பக்கம் பாதி அலகு தானாக இறங்கும். புரட்டினால் மண் உதிரும், புழு நெளியும். அந்தப் பட்டையில் மேல்தோடு பாளமாகப் பெயரும், மேலே பச்சைப் பாசி, கீழே ஈரமே எட்டாத வெள்ளை மண். பெருமழை பெய்தால் தண்ணீர் தேர்ந்தெடுக்கும் வழியும் அந்தப் பட்டைதான். சரிவின் அடியில் சாலையில் வெண்சேறு தேங்கும். அதை வாரி மறுபடி மேட்டில் ஏற்றுவதும் எங்களைப் போன்றவர்களின் வேலைதான்.

வரிசைகளுக்கு நடுவே தெளிப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது என்று சொல்வீர்கள். உண்மை. கிளைபோசேட் என்ற களைநாசினியின் அளவையும் 2020ல் பிரெஞ்சு அரசு நிறுவனம் வெகுவாகக் குறைத்தது. கொடிகளுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் கூடாது. ஆக, எஞ்சியிருப்பது கொடிக்கு அடியிலுள்ள அந்த ஒரு முழம்தான். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அந்த ஒரு முழத்தைக் கடக்க ஏன் இத்தனை தயக்கம்?

நாங்கள் உழுகிற சில துண்டுகளில் நீலத் துணுக்குகள் மேலே வரும். பிளாஸ்டிக் துண்டுகள், கண்ணாடிச் சில்லுகள், பழைய பேட்டரியின் ஓடு. பாரிஸ் நகரத்துக் குப்பை. 1960களிலிருந்து 1990களின் இறுதிவரை அதை எரு என்று சொல்லி இந்தச் சரிவுகளில் கொட்டினார்கள். மலிவானது, மண்ணரிப்பைத் தடுக்கும் என்று அன்றைக்கும் காரணம் இருந்தது. அதை நிறுத்திக் கால் நூற்றாண்டு கடந்தும் அந்த நீலம் போகவில்லை. கைநிறையப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்தால், 2015ல் சில சரிவுகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அதே வட்டாரம். களைநாசினி நிறமில்லாதது, பொறுக்கி எடுக்க முடியாது.

சுற்றுலா வருகிறவர்களிடம் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையைப் பெருமையோடு காட்டுகிறீர்கள். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட கோடையில் கொடிக்குக் கொடுக்கிறது என்று சொல்கிறீர்கள். அது மேலே தெளித்ததையும் அப்படியே உறிஞ்சும். எனக்கு இதைப் புரியவைக்க யாரும் வரைபடம் போட வேண்டியதில்லை. வலிகாமத்தின் அடியில் இருப்பதும் சுண்ணக்கல்தான். ஆறு இல்லாத நாடு, கிணறே கதி. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போட்ட பசளை பல கிணறுகளில் நைத்திரேற்றாக நிற்கிறது, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவையும் தாண்டி. இங்கே அட்ரசின் என்ற களைநாசினி 2003ல் தடைசெய்யப்பட்டது. அதன் சிதைவுகள் இன்றும் பிரான்சின் நிலத்தடி நீரில் அகப்படுகின்றன. பாறைக்குள் போனதைத் திருப்பி எடுக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

தமிழில் எழுதும் காரணமும் இதுதான். ஊரில் களைநாசினிக் கலனை முதுகில் சுமக்கிற உறவினர்களிடம் நான் தொலைபேசியில் புத்தி சொன்னால், உலகத்திலேயே விலையுயர்ந்த திராட்சை விளைகிற இடத்திலேயே அடிக்கிறார்களாம், எங்களுக்கு மட்டும் என்ன உபதேசம் என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் செய்வது உங்கள் சரிவோடு நிற்பதில்லை.

இனி எங்கள் இல்லத்தின் கதை. இயற்கை வேளாண்மைச் சான்று பெற மூன்று ஆண்டு மாற்றக் காலம். அந்த மூன்று ஆண்டும் உழைப்பு புது முறையில், போத்தலில் ஒட்டும் சீட்டு மட்டும் பழையது. செயற்கை மருந்து எதுவும் கிடையாது. அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு, சாம்பல் நோய்க்குக் கந்தகம், அவ்வளவுதான். செம்புக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு உண்டு: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேயருக்கு 28 கிலோ. 2021ல் மழை விட்டபாடில்லை. தெளித்ததை மழை கழுவும், மறுபடி தெளிப்போம், மறுபடி கழுவும். சேற்றில் உழவு இயந்திரம் ஏறாத நாட்களில் முதுகில் கலனைக் கட்டிக்கொண்டு ஏறினோம். ஆடிப்பாடிப் பூத்த கொத்துகள் ஜூலையில் காய்ந்து தோலாகத் தொங்கின. அந்த ஆண்டு இயற்கை முறையில் இருந்த பலர் விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தார்கள். 2024ல் உறைபனியும் நோயும் சேர்ந்து தெற்கே ஓப் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டன. இதையெல்லாம் நான் உங்கள் தலையில் கட்ட வரவில்லை. வானத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல. பக்கத்து வரிசைக்குப் பொறுப்பு.

பக்கத்தில் தெளிக்கும்போது காற்று எங்கள் பக்கம் திரும்பினால் ஓர வரிசைகளின் பழத்தை இயற்கைப் பழம் என்று சொல்ல முடியாது. அறுவடையன்று அந்த வரிசைகளின் பெட்டிகளில் சிவப்பு நாடா கட்டுகிறோம். அவை தனி வண்டி, தனி அடுக்கு. ஆலையில் ஒரு தடவை பிழிய 4,000 கிலோ வேண்டும். ஓர வரிசைகள் அந்த அளவை எட்டாது. எனவே சாதாரணப் பழமாக விற்றுவிடுகிறோம். அதே உழவு, அதே கைக்கொத்து, அதே செம்புக் கணக்கு, விலை மட்டும் வேறு. துண்டு சிறிதாக இருக்க இருக்க ஓரமே பெரும்பங்காகிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஒருமுறை புதிதாக நட்ட இளங்கொடிகளின் இலைகள் வெளிறி, விரல் நகமளவு சிறுத்துச் சுருண்டன. களைநாசினி பறந்து வந்ததன் அடையாளம் அது. தெளித்தவர் நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டு இரண்டு போத்தல் ஷாம்பெய்ன் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய சொந்தத் தோட்டத்தினது.

அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. விதி அனுமதிப்பதை அவர் செய்தார். தெளிக்கிறவர் ஒரு சதமும் இழப்பதில்லை, தெளிக்காதவர்தான் நாடா வாங்கி, வண்டி பிடித்து, விலையையும் விட்டுக்கொடுக்கிறார் என்ற ஏற்பாட்டை உருவாக்கியவர் அவரல்லர். பிரான்சின் திராட்சை நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இயற்கை முறைக்கு வந்துவிட்டது. ஷாம்பெய்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குளிரும் ஈரமும் காரணம் என்பீர்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி இந்த ஏற்பாடு.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓப் மாவட்டத்துக் கூர்த்தரோனில் ஃப்ளூரி குடும்பம் 1989லேயே இயற்கை வேளாண்மையின் கடுமையான வடிவமான உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மைக்கு மாறியது. அன்று அவர்களைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. லூயி ரோடரர் இன்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பெரிய இல்லம்; இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துண்டு துண்டாகச் சோதித்து, 2021ல் தன் நிலத்தில் ஏறத்தாழ பாதிக்கு, 115 ஹெக்டேயருக்கு, இயற்கைச் சான்று பெற்றது. தமெரியில் தெல்மோன் இல்லம் நிலத்தோடு நிற்கவில்லை. அட்டைப் பெட்டியைக் கைவிட்டது, 835 கிராம் போத்தலை 800 கிராமுக்கு இறக்கியது. ஆறு மடங்கு காற்றழுத்தம் தாங்க வேண்டிய போத்தலில் 35 கிராம் குறைப்பது விளையாட்டல்ல. இவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். ஃப்ளூரி குடும்பத்திடம் 1989ல் இருந்தது பணமல்ல, பிடிவாதம். எங்கள் இல்லத்திடமும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தை ஒருசிலரின் பிடிவாதத்தில் நடத்தக் கூடாது.

உங்கள் விதிப்புத்தகத்தை நான் படித்திருக்கிறேன்; படிக்காமல் இங்கே வேலை செய்ய முடியாது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். 4,000 கிலோவிலிருந்து 2,550 லீட்டர் சாற்றுக்கு மேல் ஒரு துளி கூடாது. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் நிலவறையில் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும், ஆண்டு குறிப்பிட்டது மூன்று ஆண்டு. கவாத்துக்கு இன்ன முறைகள்தான் என்று உண்டு. அதற்கு வெளியே நான் கொடியில் ஒரு மொட்டுக் கண் கூடுதலாக விட்டால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ பறிக்கலாம் என்று ஆண்டுதோறும் நீங்களே கூடித் தீர்மானிக்கிறீர்கள்: 2022ல் 12,000, 2024ல் 10,000, 2025ல் 9,000. ஏறக்குறைய 34,000 ஹெக்டேயர், 16,000 விவசாயிகள், 300க்கு மேற்பட்ட இல்லங்கள்; அத்தனை பேரும் கட்டுப்படுகிறார்கள். பெயரைக் காக்க வேண்டுமே. கண் எண்ணிக்கையைக்கூட விட்டுவைக்காத நீங்கள், களைநாசினி என்றதும் அது அவரவர் விருப்பம் என்று கைவிரிக்கிறீர்கள். 2030க்குள் நிலப்பரப்பு முழுவதற்கும் சுற்றுச்சூழல் சான்றிதழ் என்ற புதிய குறிக்கோளும் எனக்குத் தெரியும். களைநாசினி தெளிப்பவரும் பெறக்கூடிய சான்றிதழ் அது.

விற்பனை படுத்திருக்கும் நேரத்தில் இதுவா என்று கேட்கலாம். 2022ல் 32 கோடியே 60 லட்சம் போத்தல் போனது, 2024ல் 27 கோடி சொச்சம். இந்த நேரம்தான் வேண்டும் என்கிறேன். புல் நின்றால் கொடியோடு போட்டியிட்டு விளைச்சலைக் குறைக்கும் என்பதுதானே களைநாசினிக்கு நீங்கள் சொல்லும் முதல் நியாயம்? குறைவாகப் பறி என்று நீங்களே சொல்கிற ஆண்டுகளில் அந்த நியாயம் என்ன ஆகிறது?

இயற்கை முறை புனிதமானது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செம்பு கனஉலோகம், மண்ணில் தங்கும். களையை இயந்திரத்தால் கொத்துவதற்குக் கூடுதல் நடை, கூடுதல் டீசல். செங்குத்தான சில சரிவுகளில் இயந்திரம் ஏறவே ஏறாது. அங்கே குதிரையைக் கட்டுகிறார்கள், அல்லது மண்வெட்டி, அல்லது ஒன்றுமே இல்லை. ஒரே நாளில் உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021ல் ஜனாதிபதி ஒருவர் இரவோடு இரவாக இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார். சேதனப் பசளையும் இல்லை, பயிற்சியும் இல்லை, பணமும் இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், இயற்கை வேளாண்மை என்ற பேச்சே ஊரில் கேலிப்பொருளாயிற்று. அப்படிச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் இயற்கைச் சான்று பெற வேண்டும் என்றும் கேட்கவில்லை. நீங்களே ஏழு ஆண்டுத் தவணை வைத்துச் சொன்ன ஒன்றைத்தான் கேட்கிறேன்.

ஆட்கூலி கூடும் என்பது கடைசித் தடை. கூடும். ஆனால் கூலியில் மிச்சம் பிடிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் இந்த வட்டாரம் கண்டுவிட்டது. 2023 செப்டம்பர் வெயிலில் அறுவடைக்கு வந்தவர்கள் சிலர் இறந்தார்கள். அதே அறுவடையில் வேலையாட்களை மிருகங்களை அடைப்பதுபோல் அடைத்து வைத்ததற்காக 2025ல் ஷாலோன் நீதிமன்றம் மனிதக் கடத்தல் குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தது. நிலைத்த வேளாண்மை என்று அச்சடித்த மடிப்பிதழ்களில் புல் இருக்கிறது, தேனீ இருக்கிறது. குனிந்து நிற்கிற முதுகு ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

என் கோரிக்கைகள் இவை.

கொடிக்கு அடியிலும் களைநாசினி கூடாது என்பதை விதிப்புத்தகத்தில் கட்டாய விதியாக எழுதுங்கள். 2025 போய்விட்டது, சான்றிதழுக்கு நீங்களே குறித்த 2030ஐயே இதற்கும் நாளாக வையுங்கள். இயந்திரம் ஏறாத சரிவுகளுக்கு விலக்குக் கொடுங்கள், ஆனால் எந்த ஊரில் எந்தத் துண்டு என்று பெயர் குறித்துப் பட்டியலை வெளியிடுங்கள். விலக்கு என்ற வாசலில் எல்லாரும் நுழைந்துவிடக் கூடாது.

அதுவரை, இயற்கை முறை நிலத்தை ஒட்டித் தெளிக்கிறவர் தன் பக்கத்து ஓர வரிசைகளைத் தெளிக்காமல் விட வேண்டும் என்று விதி செய்யுங்கள். இப்போது விட்டுக்கொடுப்பது தெளிக்காதவர். மீறித் தெளித்து ஓரப் பழம் கெட்டால் விலை வித்தியாசத்தைக் கூட்டுக்குழுவின் பொது நிதியிலிருந்து கொடுங்கள். பிறகு அதைத் தெளித்தவரிடம் வசூலிப்பது உங்கள் பாடு. அயலவர் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டுக்கொள்ள விடாதீர்கள்.

பெரிய இல்லங்களின் தலைவரிடம் தனியாக ஒன்று. ஷாம்பெய்ன் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகளிடம் இருக்கிறது. உங்கள் சொந்த நிலத்தை மட்டும் மாற்றி அதைப் படம்பிடித்தால் போதாது. மாற்றக் காலத்தின் முதல் ஆண்டிலிருந்தே, சான்று கைக்கு வரும்வரை காத்திராமல், இயற்கைப் பழத்துக்குரிய விலையைக் கொடுங்கள். ஓராண்டு நோய் வந்தாலும் கைவிடாத நீண்ட ஒப்பந்தம் எழுதுங்கள். கையால் களை கொத்தும் ஆட்களின் கூலியை அந்த விலையிலேயே தனி இனமாகக் காட்டுங்கள். இடைத்தரகர் கையில் அது கரைந்துவிடக் கூடாது.

எத்தனை ஹெக்டேயரில் களைநாசினி தெளிக்கப்பட்டது என்ற கணக்கை ஊர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பறித்த கிலோவை ஊர்வாரியாக எண்ணத் தெரிந்த உங்களுக்கு இது கடினமல்ல.

இவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து வாக்குக்கு விடுங்கள். ஏற்பதா மறுப்பதா என்பது உங்கள் உரிமை. ஆனால் மறுத்தால், சென்ற முறைபோல் ஓசையில்லாமல் விட்டுவிடாமல், யார் எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்பதைக் கையொப்பத்தோடு எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோத் தே பிளான் தோட்டத் தொழிலாளி ஒருவன்